அப்னியா இருக்கிறவங்க சிஆர்பி, இஎஸ்ஆர் ரிப்போர்ட்டை எப்படி எடுக்கிறது, எப்படிப் படிக்கிறது

ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற கோளாறு இருக்குன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே நாம நெட்ல தேட ஆரம்பிச்சிடுவோம், தேடின கொஞ்ச நேரத்துலயே "இன்ஃப்ளமேஷன்"ங்கிற வார்த்தைல போய் முட்டிக்குவோம். அப்னியா இருந்தா உடம்பு பூரா அழற்சி இருக்கும், ரத்தத்துல தெரியும், சிஆர்பி எடுங்க, ஐஎல்-6 எடுங்கன்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க. சரின்னு லேபுக்கு ஓடி எடுத்துட்டு வந்தா ஒரு நம்பர் தடிமனா அச்சடிச்சு பக்கத்துல ஹைன்னு போட்டிருக்கும், அப்புறம் அதை வச்சுக்கிட்டு ராத்திரி இருக்கிற கொஞ்ச தூக்கமும் போயிடும். கீழ எழுதுறது அந்த ரிப்போர்ட்டை எடுக்கிறதுக்கும் படிக்கிறதுக்கும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த ரத்த நம்பர்களை வச்சு அப்னியா இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியாது. சி-பேப் மெஷின் (ராத்திரி மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பி காற்றுக்குழாய் மூடாம வச்சிருக்கிறது) வேலை செய்யுதா இல்லையான்னும் இதை வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது. அப்போ எதுக்குத்தான் இது? உங்க இதயம், ரத்தக்குழாய் விஷயத்துல ரிஸ்க் எந்த லெவல்ல நிக்குது, அதுல உங்க எடைக்கு எவ்வளவு பங்கு இருக்குன்னு யோசிக்கிறதுக்கு. அதுக்கு இது நல்லாவே உதவும், ஆனா எடுக்க வேண்டிய நேரத்துல எடுத்து, பக்கத்துல வைக்க வேண்டிய மத்த நம்பரையும் வச்சுப் படிக்கணும்.

ராத்திரி உள்ள என்ன நடக்குது

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்றுக்குழாய் ஒட்டிக்குது. குறைஞ்சது 10 செகண்ட் மூச்சு நின்னா அதை ஒரு அப்னியான்னு கணக்கு வைப்பாங்க, சில பேருக்கு அது 30, 40 செகண்டும் போகும். அந்த நேரத்துல ரத்த ஆக்சிஜன் 96-லிருந்து 90, 86, 82-ன்னு மெதுவா இறங்கிக்கிட்டே வரும், மூளை பயந்துபோய் ஒரு உலுக்கு உலுக்கும், ஒரு பெரிய குறட்டையோட மூச்சு திறக்கும், சில நொடியில ஆக்சிஜன் திரும்ப 95-க்கு ஏறிடும். ஆளுக்கு ஞாபகமே இருக்காது. தீவிர அப்னியான்னா இது மணிக்கு 30 தடவை அல்லது அதுக்கு மேல நடக்குது, ராத்திரி பூரா இறங்கி ஏறி இறங்கி ஏறி.

இந்த இறங்கி ஏறுறதுலதான் விஷயமே இருக்கு. மலை மேல போய் தங்கினா ஆக்சிஜன் குறைவாவே நிலையா இருக்கும், அதுக்கு உடம்பு ஹெச்ஐஎஃப்-னு ஒரு புரதத்தை வச்சு தன்னைப் பழக்கிக்கும், செல்கள் ஆக்சிஜனை எப்படி உணருதுங்கிற இந்த வேலைக்குத்தான் 2019 மருத்துவ நோபல் கொடுத்தாங்க. ஆனா விட்டு விட்டு குறைஞ்சு திடீர்னு ஏறும்போது செல்லுக்குள்ள ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் உண்டாகி என்எஃப்-கப்பா-பின்னு இன்னொரு சுவிட்ச் தட்டப்படுது. அழற்சிக்கான ஜீன்களை முடுக்கி விடுறது இந்த சுவிட்ச்தான். அங்கிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 மாதிரி அழற்சிச் சேதி சொல்ற புரதங்கள் வெளிய வரும், ஐஎல்-6 போய் கல்லீரலைத் தட்டும், கல்லீரல் சிஆர்பிங்கிற புரதத்தைத் தயாரிச்சு ரத்தத்துல விடும். லேப்ல நாம அளக்கிறது இந்தச் சங்கிலியோட கடைசிக் கண்ணியை.

கடைசிக் கண்ணிங்கிறதால ஒரு சிக்கல் இருக்கு. சிஆர்பி ஊருக்கே பொதுவா இருக்கிற சங்கு மாதிரி, எந்தத் தெருவுல பிரச்சனைன்னாலும் ஊதும், எந்தத் தெருன்னு சொல்லாது. இதை 1930-ல கண்டுபிடிச்சதே நிமோனியா நோயாளிங்க ரத்தத்துல இருந்துதான், அப்னியாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சளி, ஈறு வீக்கம், மூட்டு வாதம், சிகரெட், தொப்பை, எல்லாத்துக்கும் ஏறும்.

எதை எடுக்கணும், எதை விட்டுடலாம்

எடுத்தா ஹெச்எஸ்-சிஆர்பி எடுங்க. சாதா சிஆர்பியும் இதுவும் அதே புரதம்தான், அளக்கிற முறை மட்டும் நுணுக்கமானது. சாதா டெஸ்ட் இன்ஃபெக்ஷனைப் பார்க்கிறதுக்காக உள்ளது, பல லேப்ல "5-க்கு கீழ்"னு மட்டும் போட்டுட்டு விட்டுடுவாங்க. அப்னியாக்காரங்களுக்கு நாம பார்க்கிற வித்தியாசமே 1-க்கும் 5-க்கும் நடுவுல நடக்கிறது, அதனால சாதா ரிப்போர்ட்டை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. லேப்ல சொல்லும்போதே "ஹை சென்சிட்டிவிட்டி"ன்னு அழுத்திச் சொல்லுங்க, இல்லாட்டி சாதாவை எடுத்துட்டு அனுப்பிடுவாங்க.

கூடவே சிபிசி, அதாவது முழு ரத்த எண்ணிக்கை. இது எப்படியும் எடுப்பாங்க. இதுல ஹீமோகுளோபின் வேணும், அப்புறம் வெள்ளை அணுக்கள்ல நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம், லிம்ஃபோசைட் எத்தனை சதவீதம்னு ரெண்டும் வேணும். நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால வகுத்தா வர்றதுதான் என்எல்ஆர். 60-ம் 30-ம்னா 2. ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு பெரும்பாலும் 1-லிருந்து 3-க்குள்ள சுத்தும். அப்னியாக்காரங்களுக்கு சராசரியா கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு நிறைய ஆய்வு வந்திருக்கு, ஆனா அது கூட்டமா எடுத்துப் பார்க்கும்போது தெரியிற வித்தியாசம், ஒரு தனி ஆளோட 2.4-ஐ வச்சு எதையும் சொல்ல முடியாது. முந்தின நாள் சரியா தூங்காம, டென்ஷனா இருந்தாலே மாறும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டா சட்டுனு ஏறும். இலவசமா கிடைக்கிற நம்பர், பார்த்துட்டு ஓரமா வச்சுக்கலாம், அவ்வளவுதான்.

இஎஸ்ஆர், அதாவது குழாய்ல வச்ச ரத்தத்துல சிவப்பணு எவ்வளவு வேகமா அடியில படியுதுங்கிற கணக்கு, அது பத்தி எனக்கு பெரிய அபிப்பிராயம் கிடையாது. வயசானா ஏறும், ரத்த சோகை இருந்தா ஏறும், கர்ப்பத்துல ஏறும். பழைய கணக்கு ஒண்ணு உண்டு, ஆண்களுக்கு வயசுல பாதி, பெண்களுக்கு வயசோட 10 கூட்டி அதுல பாதி, அதுவரைக்கும் சரின்னு எடுத்துக்கலாம். அப்னியாவுல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. ராத்திரி ராத்திரி ஆக்சிஜன் குறையறதால சில பேருக்கு சிவப்பணு அதிகமாகி ரத்தம் கெட்டியாகும், சிவப்பணு நெருக்கமா இருந்தா அது அடியில படியற வேகம் குறையும், அதனால இஎஸ்ஆர் பொய்யா கம்மியா காட்டும். அழற்சி இருக்கிற ஆளுக்கே 6, 8-னு வந்து "எல்லாம் நார்மல்"னு சந்தோஷப்பட வச்சிடும்.

ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா இதெல்லாம் ஆராய்ச்சிக்கு உள்ளது. பேக்கேஜ்ல சேர்த்து விக்கிறாங்கன்னு எடுக்காதீங்க. ஐஎல்-6 நாள் பூரா ஏறி இறங்கும், ரத்தம் எடுத்து எவ்வளவு நேரத்துல பிரிச்சாங்க, எந்த கிட்டுல பார்த்தாங்கங்கிறதைப் பொறுத்தெல்லாம் மாறும், வந்த நம்பரை வச்சு எந்த டாக்டரும் உங்க சிகிச்சைல ஒரு மாத்திரையைக் கூட மாத்தப் போறதில்ல. ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து கையிருப்பைக் காட்டுற டெஸ்ட்) எடுத்திருந்தா ஒரு எச்சரிக்கை மட்டும்: அழற்சி இருந்தா ஃபெரிட்டினும் ஏறும், அதனால உள்ள இரும்புச்சத்து குறைவா இருந்தாலும் ரிப்போர்ட்ல நார்மல்னு வரலாம். ராத்திரி கால் குடையிற பிரச்சனையும் சேர்ந்து இருக்கிறவங்க டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்ங்கிற இன்னொரு இரும்புச்சத்து டெஸ்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

ரத்தம் கொடுக்கப் போறதுக்கு முன்னாடி

பாதிப் பேர் சொதப்புறது இங்கதான். சிஆர்பி உடம்புல ஏதாவது நடந்த 6 மணி நேரத்துக்குள்ள ஏற ஆரம்பிச்சு, ரெண்டு நாள் வாக்குல உச்சத்துக்குப் போகும். காரணம் நின்னதுக்கு அப்புறம் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியா குறையும். அப்போ போன வாரம் காய்ச்சல் வந்து இன்னும் இருமல் விடலைன்னா நீங்க அளக்கிறது அந்தக் காய்ச்சலை, அப்னியாவை இல்ல. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, பல் பிடுங்கினது, ஏதாவது ஆபரேஷன், தடுப்பூசி, இதுல எது நடந்திருந்தாலும் ரெண்டு மூணு வாரம் தள்ளிப் போடுங்க. கடுமையான எக்சர்சைஸ் பண்றவங்க ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திக்கோங்க, நீண்ட தூரம் ஓடிட்டு மறுநாள் போய் எடுத்தா கண்டிப்பா ஏறித்தான் இருக்கும்.

வெறும் வயிறு தேவையில்ல. சுகர், கொழுப்பு சேர்த்து எடுக்கிறதா இருந்தா அதுக்காக மட்டும் இருந்துக்கோங்க. காலையில எடுத்தாலும் சாயங்காலம் எடுத்தாலும் ஹெச்எஸ்-சிஆர்பி பெருசா மாறாது, ஆனா சிபிசி கொஞ்சம் மாறும், அதனால எப்பவுமே காலைன்னு வச்சுக்கிட்டா குழப்பம் இல்ல. லேபை மாத்தாதீங்க, முதல் தடவை எங்க எடுத்தீங்களோ ரெண்டாவதும் அங்கயே.

மருந்து எதையும் டெஸ்டுக்காக நிறுத்தாதீங்க, என்னென்ன சாப்பிடுறீங்கன்னு எழுதி மட்டும் வச்சுக்கோங்க. கொழுப்புக்கு ஸ்டாடின் சாப்பிடுறவங்களுக்கு சிஆர்பி இறங்கும். 2008-ல வந்த ஜூபிட்டர்ங்கிற பெரிய ஆய்வுல ரோசுவாஸ்டாடின் சாப்பிட்டவங்களுக்கு ஹெச்எஸ்-சிஆர்பி 37 சதவீதம் குறைஞ்சது. நடுவுல ஸ்டாடின் ஆரம்பிச்சுட்டு, மூணு மாசம் கழிச்சு நம்பர் இறங்கினதும் "பாத்தீங்களா மாஸ்க்கோட மகிமை"ன்னா அது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுற கதை. அதே மாதிரி வாய்வழி கருத்தடை மாத்திரை, மாதவிடாய் நின்னவங்க சாப்பிடுற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, ரெண்டும் சிஆர்பியை ஏத்தும்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பாதீங்க. ரெண்டு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை எடுத்து சராசரி போடுங்கன்னு அமெரிக்க ஹார்ட் அசோசியேஷனும் அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையமான சிடிசியும் சேர்ந்து 2003-லயே சொல்லியாச்சு. முதல் தடவை 2.8, ரெண்டாவது 4.0-ன்னு வந்தா பதறாதீங்க, அந்த அளவு ஆட்டம் சாதாரணம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

முதல்ல நம்பரைப் பார்க்காதீங்க, யூனிட்டைப் பாருங்க. சில லேப் மி.கி/லிட்டர்ல கொடுப்பாங்க, சில லேப் மி.கி/டெசிலிட்டர்ல. ரெண்டுக்கும் நடுவுல 10 மடங்கு வித்தியாசம். இது தெரியாம எத்தனை பேர் ஏமாறுறாங்கன்னு சொல்லி மாளாது.

லிட்டர் கணக்குக்கு மாத்தினதுக்கு அப்புறம்: 1-க்கு கீழ இருந்தா இதய ரிஸ்க் கம்மி, 1-லிருந்து 3 நடுத்தரம், 3-க்கு மேல ரிஸ்க் ஜாஸ்தி. 10-க்கு மேல போனா இந்தக் கணக்கே பொருந்தாது, எங்கயோ இன்ஃபெக்ஷனோ வேற பெரிய அழற்சியோ இருக்கு, அதைப் பார்த்துட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு திரும்ப எடுக்கணும். இந்த 1, 3 கணக்கு இதய நோய்க்காகப் போட்டது, அப்னியாவுக்குன்னு தனியா ஒரு கட்-ஆஃப் கிடையாது. "அப்னியா இருந்தா இவ்வளவு இருக்கணும்"னு யாராவது சொன்னா கேட்டுட்டு கிளம்பிடுங்க.

இப்போ ஒரு கற்பனை ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்போம். 46 வயசு ஆண், பிஎம்ஐ 33, ஸ்லீப் டெஸ்ட்ல ஏஹெச்ஐ (மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்னது அல்லது குறைஞ்சதுங்கிற எண்ணிக்கை) 38, ஆக்சிஜன் அடிமட்டமா போனது 78. ரத்தத்துல ஹெச்எஸ்-சிஆர்பி 0.46, இஎஸ்ஆர் 8, நியூட்ரோஃபில் 58, லிம்ஃபோசைட் 32, ஹீமோகுளோபின் 16.8. மேலோட்டமா பார்த்தா சிஆர்பி 1-க்கு கீழ, இஎஸ்ஆர் சூப்பர், ஆள் ஜம்முனு இருக்காருன்னு தோணும். ஆனா யூனிட் டெசிலிட்டர்னு சின்ன எழுத்துல போட்டிருக்கு, அப்போ அது 4.6, ரிஸ்க் ஜாஸ்திங்கிற கட்டம். இஎஸ்ஆர் 8-ஐயும் நம்ப முடியாது, ஏன்னா ஹீமோகுளோபின் 16.8. ஆண்களுக்கு 16.5-க்கு மேல, பெண்களுக்கு 16-க்கு மேல போனாலே டாக்டருங்க ஏன்னு தேட ஆரம்பிப்பாங்க, தேடுற காரணங்கள்ல ராத்திரி ஆக்சிஜன் குறையறதும் ஒண்ணு. என்எல்ஆர் 1.8, அதுல பேச ஒண்ணுமில்ல. ஆக மொத்தம் இந்த ஆளுக்கு அழற்சி இருக்கு. அப்னியாவால எவ்வளவு, தொப்பையால எவ்வளவு? அதை இந்தக் காகிதம் சொல்லாது.

எடைங்கிற பெரிய விஷயம்

இதை அழுத்தமாவே சொல்லணும்னு நினைக்கிறேன், ஏன்னா யாரும் கேக்க விரும்பாத விஷயம். கொழுப்புத் திசு சும்மா சேமிச்சு வச்ச மூட்டை கிடையாது, அதுவே ஐஎல்-6 தயாரிச்சு ரத்தத்துல விடுது, முக்கியமா வயித்துக்குள்ள குடலைச் சுத்தி இருக்கிற கொழுப்பு. அப்னியா இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு எடையும் அதிகம். அதனால அப்னியாக்காரங்களுக்கு சிஆர்பி அதிகம்னு ஆய்வுல வரும்போதெல்லாம் "அது எடையாலயா அப்னியாவாலயா"ங்கிற சண்டை வருஷக்கணக்கா நடந்துக்கிட்டே இருக்கு. எடையைக் கழிச்சுட்டுப் பார்த்தா சில ஆய்வுல தொடர்பு அப்படியே நிக்குது, சிலதுல காணாமப் போயிடுது.

2014-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்தது, எனக்குத் தெரிஞ்சு இந்த சண்டையில நேரா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா பேசினது அதுதான். உடல் பருமனும், நடுத்தர அல்லது தீவிர அப்னியாவும், சிஆர்பி 1-க்கு மேலயும் இருக்கிற 181 பேரை மூணு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு சி-பேப் மட்டும், ஒரு குழுவுக்கு எடை குறைப்பு மட்டும், ஒரு குழுவுக்கு ரெண்டும். 24 வாரம் கழிச்சுப் பார்த்தா எடை குறைச்ச ரெண்டு குழுவுலயும் சிஆர்பி இறங்கியிருந்தது, சி-பேப் மட்டும் போட்டவங்களுக்கு இறங்கவே இல்ல. ஆனா ரெண்டையும் ஒழுங்கா கடைப்பிடிச்சவங்களுக்கு ரத்த அழுத்தம் மத்தவங்களை விட நல்லா குறைஞ்சது. அதனால மாஸ்க்கைத் தூக்கிப் போட்டுடலாம்னு அர்த்தம் இல்ல, தயவு செஞ்சு அப்படிப் புரிஞ்சுக்காதீங்க. மாஸ்க் செய்யிற வேலை வேற, பகல் தூக்கம், வண்டி ஓட்டும்போது கண் சொக்குறது, ரத்த அழுத்தம், ராத்திரி ஆக்சிஜன், இதுக்கெல்லாம் அதுதான் மருந்து. சிஆர்பியை இறக்குறது அதோட முதல் வேலை இல்ல.

எடை பக்கம் சமீபத்துல ஒண்ணு சேர்ந்திருக்கு. டிர்செப்படைடுங்கிற ஊசி மருந்தை வச்சு 2024-ல வந்த சர்மவுன்ட்-ஓஎஸ்ஏ ஆய்வுல ஏஹெச்ஐ மணிக்கு சராசரியா 25-லிருந்து 29 வரைக்கும் குறைஞ்சது, ஹெச்எஸ்-சிஆர்பியும் சேர்ந்து இறங்கினது. அதே வருஷம் டிசம்பர்ல அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ உடல் பருமனோட நடுத்தர, தீவிர அப்னியா இருக்கிற பெரியவங்களுக்கு அதை அனுமதிச்சது. எல்லாருக்கும் ஒத்துக்கிற மருந்து இல்ல, டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

அதனால ரிப்போர்ட் எடுக்கிற அன்னைக்கே எடையையும் இடுப்பு சுத்தளவையும் எழுதி வையுங்க. தேதி, ஹெச்எஸ்-சிஆர்பி, எடை, இடுப்பு, கடைசியா எப்போ உடம்பு சரியில்லாம போச்சு, என்ன மருந்து, சிகரெட் உண்டா, ஈறுல ரத்தம் வருதா. ஈறு விஷயத்தை விளையாட்டா நினைக்காதீங்க, நாள்பட்ட ஈறு நோய் சிஆர்பியை ஏத்தி வச்சிருக்கும். கூடவே ஸ்லீப் ரிப்போர்ட்ல இருந்து ஏஹெச்ஐ மட்டும் எழுதினா பத்தாது. ஓடிஐ, அதாவது மணிக்கு எத்தனை தடவை ஆக்சிஜன் 3 அல்லது 4 சதவீதம் விழுந்தது, அப்புறம் ராத்திரில எவ்வளவு நேரம் 90-க்கு கீழ இருந்தது, இந்த ரெண்டும் எழுதுங்க. மேல சொன்ன சங்கிலி ஆரம்பிக்கிறதே ஆக்சிஜன் ஏறி இறங்குறதுல இருந்துங்கிறதால, மூச்சு நின்ன எண்ணிக்கையை விட இதுங்க பக்கத்துல வச்சுப் பார்க்க உருப்படியானதுங்க.

மெஷின் போட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்

அவசரப்பட்டு ஒரு மாசத்துல திரும்ப எடுக்காதீங்க. 3 மாசமாவது விடுங்க. மாஸ்க் எத்தனை மணி நேரம் முகத்துல இருந்ததுங்கிறதை மெஷினே எழுதி வச்சிருக்கும், அந்த கணக்கை எடுத்துப் பாருங்க. ராத்திரிக்கு 4 மணி நேரத்துக்கு மேல, 3 மாசத்துக்கு மேல போட்டவங்களை மட்டும் எடுத்துக்கிட்ட தொகுப்பு ஆய்வுகள்ல சிஆர்பி குறையிறது கொஞ்சம் தெளிவா தெரியுது, அரைகுறையா போட்டவங்களுக்கு தெரியல. 4 மணி நேரம்ங்கிறது பாஸ் மார்க்தான், காலைல வர்ற கனவுத் தூக்கத்துலதான் பல பேருக்கு அப்னியா மோசமா இருக்கும், 2 மணிக்கு மாஸ்க்கைக் கழட்டி வச்சிட்டா அந்த மோசமான பகுதி அப்படியே நடக்கும். 2016-ல வந்த சேவ் ஆய்வுல 2,700-க்கும் மேல பேர், சராசரியா ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தாங்க, மாரடைப்பு, பக்கவாதம் குறையலன்னு முடிவு வந்தது, அதை வச்சு இன்னைக்கும் ரெண்டு பக்கமும் வாதாடிக்கிட்டு இருக்காங்க.

நம்ம கற்பனை ஆளுக்கே வருவோம். 3 மாசம் 6 மணி நேரம் ஒழுங்கா போட்டார், மெஷின்ல மிச்ச ஏஹெச்ஐ 2, பகல்ல தூங்கி விழுறது நின்னு போச்சு, எடை அப்படியே இருக்கு, ஹெச்எஸ்-சிஆர்பி 4.6-லிருந்து 4.3. இது தோல்வியா? கிடையவே கிடையாது. மெஷின் தன் வேலையைச் செஞ்சிடுச்சு, மிச்சம் இருக்கிற சிஆர்பி எடை பக்கம் கை காட்டுது. அடுத்த 6 மாசத்துல எடை 10 கிலோ குறைஞ்சு சிஆர்பி 2.5-க்கு வந்தா அதுவும் ஆச்சரியம் இல்ல. 4.6-லிருந்து 4.3-க்கு வந்ததை முன்னேற்றம்னும் சொல்லிக்காதீங்க, அது சும்மா ஆட்டம்.

நம்பரை இறக்குறதுக்காகன்னு தினமும் வலி மாத்திரை போடுறது, அழற்சியைக் குறைக்கும்னு விளம்பரம் பண்ற கேப்சூல் வாங்குறது, ரெண்டும் வேண்டாம். வலி மாத்திரை வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூணையும் கெடுக்கும், அப்னியாக்காரங்களுக்கு ரத்த அழுத்தம் ஏற்கனவே தலைவலி. எடை, சிகரெட், ஈறு, நடை, ராத்திரி முழுசா மாஸ்க், இதுல எது பாக்கியோ அதைக் கவனிங்க.

அழற்சிப் பட்டியல்ல வராத ஆனா உண்மையிலேயே உபயோகமான ரத்த டெஸ்ட் ரெண்டு மூணு இருக்கு, அதையும் சொல்லிட்டுப் போறேன். பைகார்பனேட்: ரொம்ப பருமனா இருந்து அப்னியாவும் இருக்கிறவங்களுக்கு இது 27 அல்லது அதுக்கு மேல இருந்தா, பகல்லயே மூச்சு பத்தாம கார்பன் டை ஆக்சைடு தேங்குதான்னு பார்க்கணும், அதுக்கு சிகிச்சை வேற மாதிரி போகலாம். டிஎஸ்ஹெச்: தைராய்டு கம்மியா இருந்தாலே அப்னியா மோசமாகும், அதுக்கு சுலபமான மருந்து உண்டு. ஹெச்பிஏ1சி: சுகரும் அப்னியாவும் அடிக்கடி ஜோடியா வர்றதுங்க. ஐஎல்-6 பேக்கேஜுக்குக் கொடுக்கிற பணத்தை இதுக்குக் கொடுக்கலாம்.

இன்னும் ஸ்லீப் டெஸ்டே எடுக்கலைன்னா ரத்தத்தை விட்டுட்டு அதை முதல்ல எடுங்க. குறட்டை, பகல் களைப்பு, தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு பக்கத்துல படுக்கிறவங்க சொல்றது, ரத்த அழுத்தம், பிஎம்ஐ, வயசு, கழுத்து சுத்தளவு, ஆணா பெண்ணா, இந்த 8 கேள்விதான் ஸ்டாப்-பேங்குங்கிறது, 3 அல்லது அதுக்கு மேல ஆமாம்னு வந்தா டாக்டரைப் பாருங்க. சிஆர்பி 0.5-னு வந்துச்சு அதனால எனக்கு அப்னியா இருக்காதுன்னு யாரும் வீட்டுல உட்கார்ந்துடாதீங்க, ஒல்லியா இருந்து தீவிர அப்னியா இருக்கிறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு சிஆர்பி சாதாரணமாவே இருக்கலாம்.

ரெண்டாவது ரிப்போர்ட் முதலாவதை விட ஏறி வந்தா வரிசையா சரி பாருங்க: அதே யூனிட்டா, அதே லேபா, நடுவுல சளி காய்ச்சல் வந்ததா, எடை ஏறிச்சா, ஈஸ்ட்ரோஜன் மாதிரி புது மருந்து ஏதாவது ஆரம்பிச்சீங்களா, ஸ்டாடினை நிறுத்தினீங்களா, மாஸ்க்கை விட்டுட்டீங்களா. எல்லாம் சரியா இருந்து, சளி காய்ச்சல் எதுவும் இல்லாம, ரெண்டு தடவையும் 10-க்கு மேலயே நிக்குதுன்னா அதை அப்னியா தலையில கட்டாதீங்க. காலைல விரல் மூட்டு விறைப்பு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, காரணமில்லாம எடை குறையிறது, ராத்திரி வேர்த்துக் கொட்டுறது இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட சேர்த்துச் சொல்லுங்க, அவர் வேற பக்கம் தேடணும்.